குளிர்கால டயரும் அனைத்துப் பருவ டயரும்

குளிர்கால டயர் என்பது வெண்பனியும் பனிக்கட்டியும் படியும் சாலைகளுக்கும், உறைநிலையை ஒட்டிய குளிருக்கும் ஏற்ற வகையில் தனி ரப்பர்க் கலவையால் செய்யப்படும் வாகன டயர் ஆகும். அனைத்துப் பருவ டயர் என்பது ஆண்டு முழுவதும் கழற்றாமல் ஓட்டும் நோக்கத்துடன், கோடைக்கும் மிதமான குளிருக்கும் இடையே ஒரு சமரசமாகச் செய்யப்படுவது. கனடாவில் கார் வைத்திருப்போர் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் இவ்விரண்டில் எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. டொராண்டோ, அதன் பகுதியான ஸ்கார்பரோ, அதை ஒட்டிய மார்க்கம் ஆகிய இடங்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கும் தமிழ்நாட்டிலிருந்து புதிதாகச் சென்றவர்களுக்கும் இது முதல் குளிர்காலத்திலேயே வந்து நிற்கும் கேள்வி.

சொற்களைப் பற்றி முதலில் ஒரு விளக்கம். மார்கழிக் காலையில் புல்லின் மேல் நிற்பதையும் இமயமலையில் கொட்டுவதையும் தமிழில் ஒரே சொல்லால் பனி என்கிறோம். சாலையில் ஓடும் டயருக்கு அந்த வேறுபாடு மிக முக்கியம். எனவே இக்கட்டுரையில் வானிலிருந்து பஞ்சுபோல விழுவது வெண்பனி என்றும், நீர் உறைந்து கெட்டியானது பனிக்கட்டி என்றும் குறிக்கப்படுகின்றன. டயரில் தரையைத் தொடும் வரிப்பகுதியைத் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் பட்டன் என்பார்கள். அச்சொல்லே இங்கும் பயன்படுத்தப்படுகிறது.

பெயரில் உள்ள சிக்கல்

அனைத்துப் பருவம் என்ற பெயரில் குளிர்காலமும் அடங்கும் என்று வாங்குபவர் நினைப்பது இயல்பு. ஆனால் கனடாவின் குளிர்காலம் அந்தப் பெயருக்குள் முழுமையாக அடங்குவதில்லை. இவற்றை 'மூன்று பருவ டயர்' என்று அந்நாட்டில் கேலியாகச் சொல்வதுண்டு. அந்தக் கேலி பெயரைவிட உண்மைக்கு நெருக்கமானது.

இந்தப் பெயர் வந்த கதை சுருக்கமானது. முன்பு வட அமெரிக்கக் கார்கள் பெரும்பாலும் பின்சக்கரங்களால் உந்தப்பட்டவை. குளிர்காலம் வந்தால் பின்பக்கத்தில் மட்டும் ஆழமான பட்டன் கொண்ட இரண்டு டயர்களை மாட்டி, வசந்தத்தில் கழற்றுவார்கள். 1977இல் குட்இயர் நிறுவனம் டியெம்போ என்ற அனைத்துப் பருவ டயரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆண்டுக்கு இருமுறை டயர் மாற்றும் வேலை ஒழிந்தது என்பதே அதன் கவர்ச்சி. பிறகு கார் நிறுவனங்களே புதிய கார்களில் இவ்வகை டயரை மாட்டி அனுப்பத் தொடங்கின. இன்று கனடாவில் கடையிலிருந்து புதிய கார் எடுப்பவருக்குப் பெரும்பாலும் இதுதான் கிடைக்கும். காருடன் வந்தது என்பதாலேயே அது அந்த ஊரின் குளிருக்குப் போதும் என்று பொருளாகாது.

குளிர்கால டயரின் வரலாறு இதைவிடப் பழையது. இன்றைய நோக்கியன் நிறுவனத்தின் முன்னோடியான பின்லாந்து ரப்பர் ஆலை 1934இல் சரக்கு வண்டிகளுக்கும், 1936இல் ஹக்கபெலீட்டா என்ற பெயரில் கார்களுக்கும் குளிர்கால டயர் செய்தது. அந்தப் பெயரில் இன்றும் டயர்கள் விற்கப்படுகின்றன.

குளிரில் ரப்பருக்கு என்ன ஆகிறது

மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்துவிடுவதைத் தமிழ்நாட்டில் எல்லாரும் பார்த்திருப்பார்கள். ரப்பரும் குளிரில் கெட்டிப்படும். ஆனால் எண்ணெய் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் சட்டென்று உறைவது போல ரப்பர் உறைவதில்லை. வெப்பநிலை இறங்க இறங்கப் படிப்படியாக இறுகுகிறது. மிகக் குறைந்த வெப்பநிலையில் அது கண்ணாடியைப் போல நொறுங்கும் நிலைக்கே சென்றுவிடும். எந்த வெப்பநிலையில் அந்நிலை வரும் என்பது கலவையைப் பொறுத்தது.

டயர் சாலையைப் பிடிப்பதற்கு அதன் மென்மை தேவை. சாலையின் மேற்பரப்பு பார்வைக்குச் சமமாகத் தெரிந்தாலும் நுண்ணிய மேடுபள்ளங்கள் நிறைந்தது. மென்மையான ரப்பர் அந்தப் பள்ளங்களுக்குள் அமிழ்ந்து பற்றிக்கொள்ளும். இறுகிய ரப்பர் மேடுகளின் உச்சியை மட்டும் தொட்டுக்கொண்டு வழுக்கும். குளிர்கால டயரில் இயற்கை ரப்பரும் சிலிக்காவும் கூடுதலாகச் சேர்க்கப்படுவது, உறைநிலைக்கு வெகு கீழேயும் இந்த மென்மையைக் காப்பதற்காகவே. அதே மென்மை கோடையில் குறையாகிவிடுகிறது. ஜூலை வெயிலில் குளிர்கால டயர் வேகமாகத் தேயும், திருப்பங்களில் குழையும், பிரேக் பிடித்தால் நிற்கக் கூடுதல் தூரம் எடுக்கும்.

7 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் குளிர்கால டயரை மாட்ட வேண்டும் என்ற விதி டயர் கடைகளிலும் விளம்பரங்களிலும் அடிக்கடி சொல்லப்படும். நினைவில் வைத்துக்கொள்ள எளிதானது, ஆனால் அதை இயற்பியல் விதியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 5 பாகையில் உலர்ந்த சாலையில் நல்ல அனைத்துப் பருவ டயர், குளிர்கால டயருக்கு இணையாகவோ அதைவிடக் குறைந்த தூரத்திலோ நிற்கக்கூடும். குளிர்கால டயரின் பட்டன் கட்டைகள் மென்மையாக இருப்பதால் உலர்ந்த தரையில் நெளிந்து கொடுக்கின்றன. அப்படியானால் 7 பாகை என்பதன் பயன் என்ன? பகலில் 5 பாகை காட்டும் ஊரில் இரவில் உறைநிலை வந்துவிடும். மறுநாள் விடியற்காலையில் சாலை வேறாக இருக்கும். டயரை நாளுக்கு நாள் மாற்ற முடியாது. ஆகவே பருவத்தின் தொடக்கத்தைக் காட்டும் மணியாகவே இந்த எண்ணைக் கொள்ளலாம். டொராண்டோவில் ஏறக்குறைய நவம்பர் நடுப்பகுதி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை சராசரி வெப்பநிலை இதற்குக் கீழே இருக்கிறது.

வெண்பனியிலும் பனிக்கட்டியிலும்

ரப்பர் மட்டுமன்று, பட்டனின் வடிவமும் வேறு. குளிர்கால டயரில் பள்ளங்கள் ஆழமாகவும் அகலமாகவும் இருக்கும். ஓடும்போது அவற்றுள் வெண்பனி அடைபடும். அடைபட்ட வெண்பனியை உதறித் தள்ளுவதே நல்லது என்று தோன்றும். உண்மையில் வெண்பனியோடு வெண்பனி நன்றாக ஒட்டும். குழந்தைகள் உருட்டும் பனியுருண்டை உருள உருளப் பெரிதாவது இதனால்தான். பள்ளத்துள் இறுகிய வெண்பனி சாலையில் கிடக்கும் வெண்பனியைக் கவ்விக்கொண்டு சக்கரத்துக்குப் பிடி தருகிறது.

பட்டன் கட்டைகளின் மேல் பிளேடால் கீறியது போல நெளிநெளியான மெல்லிய வெட்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். சக்கரம் உருளும்போது இவை சற்றே விரிந்து, ஒவ்வொன்றும் ஒரு விளிம்பாகச் செயல்பட்டு, பனிக்கட்டியின் மேற்பரப்பைச் சுரண்டிப் பிடிக்கின்றன. அனைத்துப் பருவ டயரிலும் இவ்வெட்டுகள் உண்டு, எண்ணிக்கை குறைவு. குளிரில் இறுகிய ரப்பரில் அவை விரிவதும் குறைவு.

பனிக்கட்டியைப் பற்றி ஒன்று கவனிக்கத்தக்கது. கடுங்குளிரில் அது அதிகமாக வழுக்கும் என்று பலர் நினைப்பார்கள். மிக ஆபத்தானது 0 பாகைக்கு அருகில் உள்ள பனிக்கட்டியே. அப்போது அதன் மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்கும். டயர் பனிக்கட்டியைத் தொடாமல் நீரின் மேல் மிதக்கும். மைனஸ் 20 பாகையில் அந்தப் படலம் பெரும்பாலும் இல்லாததால் பிடி சற்று மேம்படும். வின்னிபெக் போன்ற கடுங்குளிர் ஊரைவிட, உறைநிலைக்கு மேலும் கீழும் ஊசலாடும் தெற்கு ஒன்டாரியோவில் ஒரே நாளில் சாலை பலமுறை மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனம் 1988இல் வெளியிட்ட பிளிசாக் டயர் இந்த நீர்ப்படலத்தையே குறிவைத்தது. அதன் ரப்பரில் உள்ள நுண்துளைகள் நீரை உறிஞ்சி விலக்குகின்றன. ஆணி பதித்த டயர்கள் சாலையைச் சுரண்டிக் கிளப்பிய தூசியைத் தடுக்க ஜப்பான் 1990இல் சட்டம் இயற்றியது. ஆணியில்லாத குளிர்கால டயர்கள் அங்கு வேகமாகப் பரவின.

கறுப்புப் பனிக்கட்டி எனப்படுவது உண்மையில் நிறமற்றது. தாரின் மேல் மெல்லிய கண்ணாடிப் படலமாக உறைந்திருப்பதால் சாலை வெறுமனே ஈரமாக இருப்பது போலத் தோன்றும். பாலங்களின் மேல் இது முதலில் உருவாகும். தரைச் சாலைக்கு அடியிலிருந்து மண்ணின் வெப்பம் கிடைக்கிறது. பாலத்துக்கு மேலும் கீழும் குளிர்காற்றுதான். எந்த டயரும் இதன் மேல் உறுதியான பிடி தராது.

ஒரு கணக்கு

டயரின் வேறுபாடு காரைக் கிளப்புவதைவிட நிறுத்துவதில் உயிரைத் தொடுகிறது. பள்ளி இயற்பியலிலேயே இதைக் காணலாம். பிரேக் பிடித்த பின் கார் செல்லும் தூரம், வேகத்தின் வர்க்கத்தை 2, உராய்வுக் குணகம், 9.8 ஆகியவற்றின் பெருக்கற்பலனால் வகுத்தால் கிடைப்பது. மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 13.9 மீட்டர்.

இறுகிய வெண்பனிச் சாலையில் ஒரு காரின் உராய்வுக் குணகம் 0.3 என்றும் இன்னொன்றின் குணகம் 0.2 என்றும் எடுத்துக்கொள்வோம். இவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள். உண்மையில் சாலைக்குச் சாலை மாறும். முதல் கார் ஏறக்குறைய 33 மீட்டரில் நிற்கும். இரண்டாவது 49 மீட்டர் வரை போகும். 16 மீட்டர் என்பது மூன்று கார்களை வரிசையாக நிறுத்தும் நீளத்துக்கும் சற்று அதிகம்.

ஆனால் கவனிக்க வேண்டியது 16 மீட்டரை அல்ல. முதல் கார் நின்ற இடத்தில் ஒரு குழந்தை சாலையைக் கடக்கிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டாவது கார் அந்த இடத்தை எந்த வேகத்தில் கடக்கும்? தொடக்க வேகத்தின் வர்க்கம் 193. அதிலிருந்து 2 × 0.2 × 9.8 × 33, அதாவது ஏறக்குறைய 129ஐக் கழித்தால் மீதி 64. அதன் வர்க்கமூலம் 8. நொடிக்கு 8 மீட்டர் என்றால் மணிக்குச் சுமார் 29 கிலோமீட்டர். தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டிய பிறகும் வேகத்தில் பாதிக்கு மேல் மிச்சமிருக்கிறது. நடந்து செல்பவர் மேல் அந்த வேகத்தில் ஒரு கார் மோதினால் எலும்பு முறியலாம், உயிரும் போகலாம். ஓட்டுநர் ஆபத்தை உணர்ந்து பிரேக்கை மிதிக்க எடுத்துக்கொள்ளும் நேரம் இந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

நான்கு சக்கர உந்துவிசை உள்ள பெரிய கார் வைத்திருப்போர் தங்களுக்குக் குளிர்கால டயர் தேவையில்லை என்று கருதுவதுண்டு. மேற்கண்ட கணக்கில் உந்துவிசைக்கு இடமே இல்லை. நான்கு சக்கரமும் உந்தினால் வெண்பனியில் சிக்காமல் கிளம்பலாம், மேட்டில் ஏறலாம். பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களுக்கும்தான் இருக்கிறது. எளிதாகக் கிளம்ப முடிவதால் சாலை நன்றாக இருக்கிறது என்ற மயக்கம் வேறு வந்துவிடுகிறது. ஏபிஎஸ் அமைப்பும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுமே தவிர, இல்லாத பிடியை உண்டாக்காது.

பக்கவாட்டில் உள்ள முத்திரை

பெயரை நம்பாமல் எதைப் பார்ப்பது? டயரின் பக்கவாட்டில் இரண்டு அடையாளங்களைத் தேடலாம். ஒன்று 'எம்+எஸ்' என்ற எழுத்துகள். சேறு, வெண்பனி என்பதன் சுருக்கம் இது. பட்டனில் பள்ளங்கள் போதுமான அளவு இருக்கின்றன என்பதை மட்டுமே இது சொல்கிறது. வெண்பனியில் ஓட்டிச் சோதித்ததற்கான சான்று அன்று. அனைத்துப் பருவ டயர்களில் இது சர்வசாதாரணமாகக் காணப்படும்.

மற்றொன்று மூன்று சிகரங்கள் உள்ள மலையும் அதனுள் ஒரு பனித்துகளும் கொண்ட படம். 1999 முதல் வட அமெரிக்காவில் பயன்படும் இந்த முத்திரையைப் பெற, இறுகிய வெண்பனியில் ஒரு குறிப்பிட்ட ஒப்பீட்டு டயரைவிடக் குறைந்தது 10 விழுக்காடு கூடுதல் இழுவையைக் காட்ட வேண்டும் என்பது தொடக்கத்தில் வகுத்த அளவுகோல். இதற்கும் எல்லை உண்டு. வட அமெரிக்கச் சோதனை முன்னோக்கி இழுக்கும் திறனை அளப்பது. பிரேக் பிடிப்பதையோ திரும்புவதையோ பனிக்கட்டியையோ அளப்பதில்லை. ஆகவே முத்திரை உள்ள எல்லா டயர்களும் சமம் அல்ல. முத்திரை இல்லாததைக் கடுங்குளிருக்குத் தேர்ந்தெடுக்காமல் இருக்க அது உதவும், அவ்வளவே.

இந்த முத்திரையைப் பெற்று, ஆண்டு முழுவதும் ஓட்டத்தக்கதாகவும் உள்ள மூன்றாவது வகை ஒன்று உண்டு. ஆங்கிலப் பெயரில் பருவம் என்பதற்குப் பதில் வானிலை என்ற சொல் வரும்; தமிழில் அனைத்து வானிலை டயர் எனலாம். கடையில் இவ்விரு பெயர்களும் காதில் ஒன்றுபோலவே விழும். வாங்குபவர் முத்திரையைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்வது நல்லது. வெண்பனியில் இவை அனைத்துப் பருவ டயரைவிடத் தெளிவாக மேம்பட்டவை. பனிக்கட்டியில் நல்ல குளிர்கால டயருக்கு ஈடாவதில்லை.

சட்டம்

கியூபெக் மாநிலத்தில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மலை முத்திரை உள்ள டயர் கட்டாயம். 2008இல் நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தில் தொடக்க நாள் டிசம்பர் 15ஆக இருந்து 2019இல் முன்னுக்குக் கொண்டுவரப்பட்டது. எம்+எஸ் எழுத்து மட்டும் இருந்தால் போதாது. மீறினால் 200 முதல் 300 டாலர் வரை அபராதம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் குறிப்பிட்ட மலைச்சாலைகளில் அக்டோபர் 1 முதல் எம்+எஸ் அல்லது மலை முத்திரை உள்ள டயர் தேவை. பட்டன் ஆழம் 3.5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது.

ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் 2016 சனவரி 1 முதல் குளிர்கால டயர் மாட்டுவோருக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு தர வேண்டும் என்று நிறுவனங்களுக்கு விதி உண்டு. கழிவின் அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், கேட்டால்தான் கிடைக்கும். டொராண்டோவிலிருந்து டிசம்பரில் மொன்றியலில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போகும் ஒன்டாரியோ காரைக் கியூபெக் சட்டம் கட்டுப்படுத்தாது. ஆயினும் அந்த 540 கிலோமீட்டர் சாலையில் கியூபெக் கார்கள் எதன் மேல் ஓடுகின்றனவோ அதே வெண்பனியின் மேல்தான் அந்தக் காரும் ஓட வேண்டும்.

செலவும் தேர்வும்

நான்கு டயர்களுக்கு ஒரே நேரத்தில் பணம் கொடுக்க வேண்டும் என்பதுதான் பெரும்பாலோரைத் தயங்க வைப்பது. புதிதாகக் குடியேறிய குடும்பத்துக்கு இது சிறிய தொகை அன்று. ஆனால் குளிர்கால டயர் ஓடும் மாதங்களில் மற்ற டயர் தேயாமல் ஓய்வெடுக்கிறது. இரண்டு தொகுதியும் சேர்ந்து கூடுதல் ஆண்டுகள் உழைக்கும். ஆகவே உண்மையான கூடுதல் செலவு டயரின் முழு விலை அன்று; தனி ரிம், ஆண்டுக்கு இருமுறை மாற்றும் கூலி, அடுக்குமாடியில் இருப்பவருக்கு டயரை வைத்திருக்கும் வாடகை ஆகியவையே. இரும்பு ரிம்மில் நிரந்தரமாகப் பூட்டி வைத்துக்கொண்டால் கூலி குறையும், டயரின் விளிம்பும் சேதப்படாது.

பணத்தை மிச்சப்படுத்த இரண்டு டயர் மட்டும் வாங்கி, உந்தும் முன்சக்கரங்களில் மாட்டுவது தவறான சிக்கனம். முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் வழுக்கும். திருப்பத்தில் பிரேக் பிடித்தால் வாலை வீசிக்கொண்டு கார் சுழன்றுவிடும். நான்கும் ஒரே வகையாக இருக்க வேண்டும்.

யாருக்கு எது என்பதில் ஊரைவிடப் புறப்படும் நேரம் பல சமயம் முக்கியமாகிறது. விடியற்காலை 5 மணிக்குத் தொழிற்சாலைக்கோ மருத்துவமனைக்கோ கிளம்புபவர், பனி வழிக்கும் வண்டிகள் தன் தெருவுக்கு வருவதற்கு முன்பே சாலையில் இருப்பார். அவருக்கு டொராண்டோவிலும் குளிர்கால டயர்தான் பொருத்தம். சட்பரி போன்ற வடக்கு ஊர்களிலும் வின்னிபெக்கிலும் வேறு பேச்சுக்கே இடமில்லை. பனி பெய்யும் நாளில் வீட்டில் இருந்துவிடக்கூடிய, நகருக்குள் மட்டும் ஓட்டும் ஓய்வுபெற்றவருக்கு அனைத்து வானிலை டயர் போதும். டயரை வைக்க இடமில்லாதவருக்கும் அது ஏற்ற தீர்வு. சனவரியிலும் சராசரி உறைநிலைக்கு மேலேயே இருக்கும் வான்கூவரில், மலைப்பக்கம் போகாதவருக்கும் அவ்வாறே. முத்திரையில்லாத அனைத்துப் பருவ டயர் மட்டும் போதும் என்று கனடாவில் சொல்லத்தக்க இடங்கள் மிகச் சில.

பயன்பாட்டில் கவனிக்க வேண்டியவை

குளிரில் டயருக்குள் காற்றழுத்தம் குறையும். வெப்பநிலை 5 அல்லது 6 பாகை இறங்கினால் ஏறக்குறைய 1 பவுண்ட் குறைகிறது. 20 பாகை உள்ள பட்டறையில் 33 பவுண்ட் காற்றடித்த டயர், மைனஸ் 15 பாகையில் வெளியே நின்றால் 27 பவுண்டுக்கு வந்துவிடும். மாதம் ஒருமுறை, கார் ஓடிச் சூடாவதற்கு முன்பு, அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். எவ்வளவு என்பது ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும்.

பட்டன் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் குளிர்கால டயர் வெண்பனியில் தன் பலத்தை இழந்துவிடுகிறது. ஆஸ்திரியா இந்த அளவையே குளிர்காலத்துக்கான சட்ட வரம்பாக வைத்திருக்கிறது. பழைய டயர் வாங்குவோர் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பார்க்க வேண்டும்: 3523 என்றிருந்தால் 2023ஆம் ஆண்டின் 35ஆம் வாரத்தில் செய்தது. பட்டன் நிறைய இருந்தாலும் ரப்பர் ஆண்டுகள் ஆக ஆக இறுகும். மாட்டிய பிறகு 100 கிலோமீட்டருக்குள் சக்கர நட்டுகளை ஒருமுறை மீண்டும் முடுக்கிப் பார்க்கப் பட்டறைக்காரர்கள் சொல்வார்கள், செலவில்லாத வேலை. கழற்றும் டயர் ஒவ்வொன்றிலும் எந்தச் சக்கரத்தில் இருந்தது என்று சாக்பீசால் எழுதி, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைத்தால், அடுத்த நவம்பரில் இடம் மாற்றிப் பூட்ட எளிதாக இருக்கும்.